அல்பீரூனியின் தனிமை

ஆண்டில் இரண்டே நாட்கள்தாம் அவர் எழுதுகோலைக் கீழே வைத்தார் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளார்கள். நவ்ரோஸ், மிஹ்ரஜான் என்னும் அவ்விரு திருநாட்களிலும் ஊரார் விருந்துண்டு மகிழ்ந்திருக்க, அவரோ ஆண்டுக்கு வேண்டிய உணவுக்கும் உடைக்கும் வழிதேடி வைத்துக்கொள்வாராம். எஞ்சிய நாட்களெல்லாம் நூலுக்கும் ஆராய்ச்சிக்கும் உரியவை. அபூரைஹான் முஹம்மது இப்னு அஹ்மது அல்பீரூனி என்னும் அப்பேரறிஞரைப் பற்றி நம் ஏடுகளில் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. பூமியை அளந்தார், இந்தியாவைப் பற்றி எழுதினார், நூற்றுக்கு மேற்பட்ட நூல்களை யாத்தார் என்று அவருடைய சாதனைகளை அடுக்குகிறோம். அவற்றைச் செய்த மனிதர் எப்படிப்பட்டவர், அவருடைய இயல்பு அவருக்கு எதைக் கொடுத்தது, எதைப் பறித்தது என்று கேட்பவர்கள் அரியர். இக்கட்டுரையில் அதைத்தான் கேட்க விழைகிறேன்.

இக்கேள்வி வெறும் பழங்கதை அன்று. நம் குடும்பங்களில் இத்தகைய பிள்ளை ஒன்று எப்படியும் இருக்கும். நிக்காஹ் வீட்டில் ஊரே கூடி நிற்கும்போது அது மாடி அறையில் ஒரு கடிகாரத்தைப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கும். விருந்தாளியின் கேள்விக்கு ஒரு சொல்லில் விடை தரும். அந்த விருந்தாளி சொன்ன கணக்கில் பிழையிருந்தாலோ சபையில் வைத்தே அதை எடுத்துக்காட்டிவிடும். வாப்பா, ‘கூச்சக்காரன்’ என்பார். மாமா, ‘தலைக்கனம்’ என்பார். உம்மாவுக்கோ இவன் எப்படிப் பிழைக்கப் போகிறான் என்ற கவலை. சுவிட்சர்லாந்து நாட்டு மனநூல் அறிஞர் கார்ல் யுங் 1921-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், மனத்தின் நாட்டம் உள்நோக்கிச் செல்வோரை ஒரு வகையாகவும் வெளிநோக்கிச் செல்வோரை மற்றொரு வகையாகவும் பிரித்துக் காட்டினார். தமிழில் அவர்களை அகமுகி, புறமுகி என்று சொல்லுவர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரை இக்காலத்துப் பெயரிட்டு அடைத்துவிடுவது சரியன்று. ஆயினும் அல்பீரூனி தம்மைப் பற்றித் தாமே எழுதிச் சென்றவற்றையும், பிறர் அவரைப் பற்றிச் சொன்னவற்றையும் சேர்த்துப் படித்தால், பகுத்தாராயும் அகமுகி ஒருவரின் முழு உருவமும் கண்முன் எழுகிறது.

அவர் 973-ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 362-இல், குவாரிஸம் நாட்டின் காத் நகரை ஒட்டிப் பிறந்தார். ஆரல் கடலுக்குத் தெற்கே, இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ளது அவ்வூர். இப்போது அவர் பெயராலேயே வழங்குகிறது. பாரசீகத்தில் ‘பீரூன்’ என்றால் வெளிப்புறம் என்று பொருள். நகருக்குள் இருந்தோர், புறத்தே பிறந்தவரை அப்படி அழைத்தனர் என்பர். வாழ்நாள் முழுவதும் அவர் எந்த அவையிலும் ஒரு காலை வெளியே வைத்தவராகவே இருந்ததை நினைத்தால், இப்பெயர் தற்செயலாக வாய்த்ததுதானா என்று வியக்கத் தோன்றுகிறது. அவருடைய தாய்மொழி குவாரிஸ்மி. அறிவியலை எழுதுவதற்கு அது உதவாது என்று கருதிய அவர், அரபியிலும் பாரசீகத்திலும்கூடத் தாம் வந்தேறியே என்று முதுமையில் எழுதினார்.

அம்முதுமை நூலின் முன்னுரையிலேயே தம் சிறுபிராயத்து நினைவு ஒன்றையும் குறித்துள்ளார். அவர் ஊரில் ரூமி ஒருவர் வந்து குடியேறியிருந்தாராம். சிறுவன் அபூரைஹான் விதைகள், தானியங்கள், கனிகள் என்று கைக்குக் கிடைத்தவற்றை எல்லாம் அவரிடம் எடுத்துச் செல்வான். அவருடைய மொழியில் இதற்கு என்ன பெயர் என்று கேட்பான். கேட்டதை எழுதி வைத்துக்கொள்வான். இதைவிடத் தெளிவாக ஒரு பிள்ளையின் இயல்பைக் காட்ட முடியுமா? அவனும் மனிதரைத் தேடித்தான் போகிறான். ஆனால் கையில் ஒரு பொருளும் நெஞ்சில் ஒரு கேள்வியும் இல்லாமல் போவதில்லை. அகமுகிகள் மனிதரை வெறுப்பவர்கள் என்று எண்ணுவோர் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

அவருக்குக் கிடைத்த பேறு, அவரைப் புரிந்துகொண்ட ஓர் ஆசான். அபூநஸ்ர் மன்ஸூர் இப்னு இராக் என்னும் அக்கணித மேதை குவாரிஸத்தை ஆண்ட குடும்பத்தில் பிறந்தவர். பிற்காலத்தில் தாம் இயற்றிய பன்னிரண்டு நூல்களை மாணவரின் பெயருக்கே அர்ப்பணித்துத் தந்தார் எனில், அவ்வுறவு எத்தகையது என்று அறியலாம். அல்பீரூனிக்கு நண்பர்கள் சிலர்தாம். அச்சிலரும் வாழ்நாள் நண்பர்கள். பதினேழு வயது அளவில், பாகைக் கோடுகள் இட்ட வளையம் ஒன்றைக் கொண்டு நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்து, தம் நகரின் அட்சரேகையைக் கணக்கிட்டார்.

995-இல் அந்த அமைதி சிதைந்தது. குர்கஞ்சில் இருந்த மஃமூன் குடும்பத்தார் படையெடுத்து வந்து, இப்னு இராக்கின் குலத்தாரை வீழ்த்தினர். இருபத்திரண்டு வயதில் அல்பீரூனி நாட்டை விட்டோடினார். ரய் நகரில் வறுமையில் உழன்றபோது, நட்சத்திர நூல் கற்ற ஒருவர் அவரோடு ஒரு கணக்குப் பற்றி வாதிட்டு, அவருடைய கிழிந்த நிலையைக் கண்டு ஏளனம் செய்தாராம். பின்னர் அல்பீரூனியின் கை சிறிது ஓங்கியதும் அதே மனிதர் நண்பராகிவிட்டார். இதனை அல்பீரூனி தம் முதற்பெருநூலில் கோபமின்றி, ஒரு கிரகணத்தைப் பதிவது போலப் பதிந்து வைத்துள்ளார். புண்பட்ட மனம்தான், ஆனால் புண்ணையும் ஆராய்கிற மனம்.

இரண்டாண்டுகள் கழித்து ஓர் அழகிய நிகழ்ச்சி. 997-ஆம் ஆண்டு மே மாதத்தில் சந்திர கிரகணம் ஒன்று வருவதறிந்து, பக்தாதில் இருந்த முதுபெரும் வானநூலார் அபுல்வஃபாவுடன் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டார். அன்றிரவு அபுல்வஃபா பக்தாதிலும் அல்பீரூனி காத்திலும் அமர்ந்து, ஒரே நிலவு மறைவதைத் தத்தம் ஊர் நேரப்படி குறித்தனர். இரு குறிப்புகளுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு மணி நேர வேறுபாடு. அதைக் கொண்டு இரு நகரங்களின் தீர்க்கரேகை வேறுபாடு கிடைத்தது. பேசிப் பழகிச் செய்ததன்று இவ்வேலை. தொலைவில் இருந்தபடியே இரண்டு மனிதர் ஒருவரையொருவர் நம்பியதால் நடந்தது. அகமுகியின் நட்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

இனி அந்த இயல்பின் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஏறக்குறைய இக்காலத்தில்தான் இப்னு ஸீனாவுடன் அவருக்குக் கடிதப் போக்குவரத்து நிகழ்ந்தது. இப்னு ஸீனா ஏழு வயது இளையவர். அப்போது இருபதைத் தொடாதவர். அல்பீரூனி அவருக்குப் பதினெட்டுக் கேள்விகளை அனுப்பினார். அவற்றுள் பத்து, வானத்தைப் பற்றி அரிஸ்தாத்தலீஸ் எழுதிய நூலின் மேல் தொடுத்தவை. எட்டு, இயற்கை பற்றித் தாமே எழுப்பியவை. நம் உலகைப் போன்ற வேறு உலகம் இருக்கக்கூடாதா? வெற்றிடம் என்பதே இல்லையென்றால், காற்றை உறிஞ்சி எடுத்த குப்பியை நீரில் கவிழ்த்தால் நீர் ஏன் மேலேறுகிறது? பனிக்கட்டி நீரில் மூழ்காமல் ஏன் மிதக்கிறது? கேள்விகளைப் பாருங்கள். அரிஸ்தாத்தலீஸ் சொன்னார் என்பதற்காக ஒன்றை ஏற்பதில்லை என்று சபதம் செய்துகொண்டவர் கேட்கும் கேள்விகள் இவை.

இப்னு ஸீனா பொறுமையாகவே விடையளித்தார். அவ்விடைகளில் பெரும்பாலானவற்றை அல்பீரூனி மறுத்தெழுதினார். மறுத்த மொழி சுடுமொழியாக இருந்தது. அதன்பின் இப்னு ஸீனா தாமே எழுதவில்லை. அவருடைய மாணவர் மஃஸூமி என்பவர் ஆசிரியருக்காக மறுமொழி எழுதினார். அறிவுக்குப் பொருத்தமான வேறு சொற்களைத் தாங்கள் தேர்ந்திருக்கலாமே என்று கண்டிக்கவும் செய்தார். உண்மையில், அரிஸ்தாத்தலீஸைப் பற்றிய பல ஐயங்களில் அல்பீரூனியின் பக்கமே பிற்கால அறிவியல் சாய்ந்தது. அதனால் என்ன? இஸ்லாமிய உலகின் ஈடற்ற இரு மூளைகளுக்கு இடையே திறந்த கதவு ஒன்று, ஒரு கடிதத்தின் கடுஞ்சொல்லால் மூடிக்கொண்டது. அதைவிடப் பெரிய இழப்பு அவருடைய வாழ்க்கையில் வேறொன்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சரியானதைச் சொல்லிவிட்டால் போதும், சொன்ன முறை ஒரு பொருட்டன்று என்று நினைப்பது இத்தகையோரின் பழைய நோய். அவர் உள்ளத்தில் பகை இல்லை என்பதற்கும் சான்றுண்டு: கி.பி. 1000 வாக்கில் முடித்த ‘ஆஸாருல் பாக்கியா’ நூலில் அதே இப்னு ஸீனாவைச் சிறப்புடைய இளைஞர் என்றே குறிக்கிறார். ஆனால் உள்ளத்தில் இருந்த மதிப்பைக் கடிதத்தில் காட்டத் தெரியவில்லை.

இதே நாக்கு வேறோரிடத்தில் நமக்குச் சிரிப்பை வரவழைக்கிறது. தொழுகை நேரத்தை அறியும் கருவி ஒன்றில் ரூமிகளின் மாதப் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அதைக் கண்ட ஒருவர், காஃபிர்களின் வழக்கம் இது என்று சொல்லி அக்கருவியைப் பள்ளிவாசலில் ஏற்க மறுத்துவிட்டார். நிழல்களைப் பற்றி எழுதிய நூலில் இதைக் குறிப்பிடும் அல்பீரூனி, ரூமிகளும் உணவு உண்கிறார்கள், கடைவீதியில் நடக்கிறார்கள், ஆகவே அவற்றையும் விட்டுவிடுவதுதானே என்ற கருத்தில் ஒரு போடு போடுகிறார். அந்த மனிதர் அதைக் கேட்டு மனம் மாறியிருப்பாரா என்பது வேறு விஷயம்.

தாய்நாடு திரும்பிய அல்பீரூனி, குர்கஞ்சில் அபுல் அப்பாஸ் மஃமூன் அரசராயிருந்த காலத்தில் ஏழாண்டுகள் அவருடைய அவையில் இருந்தார். அரசவையில் அகமுகிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வாய் காக்கும் வேலை. பக்தாதின் கலீபா அல்காதிர் குவாரிஸம் அரசருக்குப் பட்டமும் மேலங்கியும் அனுப்பியபோது, கஸ்னியில் இருந்த சுல்தான் மஹ்மூது இதனைத் தவறாகக் கருதிவிடுவாரோ என்று அரசர் அஞ்சினார். பரிசிலை ஊருக்குள் கொண்டுவராமல், பாலைவன வழியிலேயே சென்று கமுக்கமாக வாங்கிக்கொள்ளும்படி அவர் தேர்ந்தெடுத்து அனுப்பியது அல்பீரூனியைத்தான். பேசாதவரிடம் ஒரு நாட்டின் இரகசியத்தை ஒப்படைக்கலாம் என்று அறிந்திருந்தார் அரசர்.

அவ்வரசரே ஒருநாள் குதிரை மீதேறி வந்து அல்பீரூனியின் அறை வாயிலில் அவரை அழைத்துவரச் சொன்னார். இவர் வெளிவரச் சற்றுத் தாமதமாயிற்று. அரசர் கடிவாளத்தைத் திருப்பி, தாமே இறங்கி உள்ளே செல்ல முற்பட்டார். அதற்குள் ஓடிவந்த அல்பீரூனி இறங்க வேண்டாம் என்று மன்றாடினார். ஆட்சிகளுக்கெல்லாம் மேலானது கல்வியே, அதனை அனைவரும் தேடி வருவர், அது யாரையும் தேடிச் செல்வதில்லை என்ற கருத்துடைய சொற்களை அரசர் சொன்னாராம். வரலாற்றாசிரியர் பைஹகீ, அல்பீரூனியின் நூலிலிருந்தே இதனை எடுத்து நமக்குத் தந்துள்ளார். இத்தகைய பிள்ளைகளுக்கு இப்படி வாயிலில் காத்து நிற்கும் ஒருவர் கிடைத்துவிட்டால் போதும். எல்லாருக்கும் கிடைப்பதில்லை, அல்பீரூனிக்கே நெடுங்காலம் நீடிக்கவில்லை.

1017-இல் அபுல் அப்பாஸ் கிளர்ச்சியில் கொல்லப்பட, மஹ்மூது குவாரிஸத்தைக் கைப்பற்றினார். அறிஞர்கள் பலரும் கஸ்னிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் அல்பீரூனியும் ஒருவர். விருந்தினரா, கைதியா என்று பிரித்துச் சொல்ல இயலாத நிலை. அடுத்த ஆண்டு, 1018-இல், காபூலை அடுத்த ஜைஃபூர் என்னும் சிற்றூரில் இருக்கிறார். கருவிகள் எதுவும் கையில் இல்லை. மனத்துயரம் மிகுந்திருந்த நேரம் அது என்று அவரே எழுதியுள்ளார். என்ன செய்தார்? கணக்குப் போடும் பலகையின் பின்புறத்தில் ஒரு வில்வளைவை வரைந்து, பாகைகளாகப் பிரித்து, நூலில் ஒரு தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, சூரியனின் உயரத்தை அளந்து அவ்வூரின் அட்சரேகையைக் கணக்கிட்டார். துயரம் வந்தால் சிலர் நண்பரைத் தேடுவர். சிலர் தொழுகைப் பாயை விரிப்பர். அவர் அளந்தார். அவரைப் போன்றோருக்கு அளப்பதும் ஒரு வகை ஆறுதல்.

பூமியை அளந்த கதையிலும் அவருடைய தனிமை ஒளிந்திருக்கிறது. நம் கட்டுரையாளர்கள் இதைக் கவனிப்பதில்லை. கலீபா மஃமூன் காலத்தில், அறிஞர் கூட்டங்கள் சமவெளியில் வடக்கு தெற்காக நடந்து சென்று, ஒரு பாகைக்குரிய தூரத்தை அளந்தன. அல்பீரூனியும் அவ்வாறு அளக்க விரும்பி, ஜுர்ஜானுக்கு அப்பால் திஹிஸ்தான் சமவெளியைத் தேர்ந்தார். அதற்கு ஆட்கள் வேண்டும், பொருள் வேண்டும், ஆதரவு வேண்டும், மூன்றும் கிடைக்கவில்லை, கைவிட்டார். ஆண்டுகள் பல கழித்து, பஞ்சாபின் உப்பு மலைத்தொடரில் உள்ள நந்தனாக் கோட்டையில் இருந்தபோது, பரந்த சமவெளியை நோக்கி நிற்கும் மலை ஒன்றைக் கண்டார். முதலில் அம்மலையின் உயரத்தைக் கீழிருந்தே கணக்கிட்டார்: 652 முழமும் அதற்கு மேல் ஒரு சிறு பின்னமும். பின் உச்சிக்கு ஏறி, தொடுவானம் கிடைமட்டத்திற்கு எவ்வளவு கீழே தாழ்ந்து தெரிகிறது என்று பார்த்தார்: 34 கலை. இவ்விரண்டு எண்களிலிருந்து பூமியின் ஆரத்தைக் கணித முறையால் வருவித்தார். பாலைவனத்தில் படைபோல நடக்க வேண்டிய வேலையை ஒரு மனிதர் ஒரு மலையில் நின்று முடித்துவிட்டார். இம்முறையின் கருத்து மஃமூன் காலத்து ஸனத் இப்னு அலீயிடம் தோன்றியது என்பதை அவரே நேர்மையாகக் கூறுகிறார். பிறர் சேராவிட்டாலும் செய்யக்கூடிய வழியைத் தேடிப் பிடித்தது அவருடைய இயல்பு. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: அவருடைய விடை இன்றைய அளவுக்கு இத்தனை கிலோமீட்டர்தான் வேறுபடுகிறது என்று சிலர் அடித்துப் பேசுகிறார்கள். அந்த முழத்தின் நீளம் குறித்தே ஆராய்ச்சியாளரிடம் ஒருமை இல்லை. அவரைப் பெருமைப்படுத்த மிகை வேண்டியதில்லை. அவரே அதனை விரும்பியிருக்க மாட்டார்.

இந்தியாவைப் பற்றிய நூலுக்கு வருவோம். மஹ்மூதின் படைகள் சென்ற வழியில் அல்பீரூனியும் சென்றார்; படையினர் கொண்டுவந்தது வேறு, இவர் கொண்டுவந்தது வேறு. நடுவயதைக் கடந்தபின் சமஸ்கிருதம் கற்றார். பண்டிதரிடம் மாணவரைப் போல அமர்ந்தார். சாங்கியம் பற்றிய நூலொன்றையும் பதஞ்சலியையும் அரபியில் ஆக்கினார். எண்பது அத்தியாயங்கள் கொண்ட ‘கிதாபுல் ஹிந்த்’ 1030-இல் முடிந்தது. பிற சமயத்தாரைப் பற்றி அதுவரை எழுதப்பட்ட நூல்கள் செவிவழிச் செய்திகளின் குவியல் என்று முன்னுரையில் குறைகூறுகிறார். தம் நூல் வாதத்திற்காக எழுதியதன்று. அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லியவாறே எடுத்துரைப்பது என்கிறார். அவ்வாறே செய்தார். உருவ வழிபாட்டை விளக்குமிடத்தும், பாமரர் வணங்குவது ஒன்று, கற்றோர் கருதுவது வேறொன்று என்று பிரித்துக் காட்டினார். யவனரையும் சூஃபிகளையும் அருகே நிறுத்தி ஒப்பிட்டார். ஒரு கூட்டத்தோடும் முழுமையாக ஒட்டாமல் நிற்பவருக்கே இந்த நடுநிலை எளிதாகிறது என்பது என் எண்ணம்.

அதற்காக அவர் தவறே செய்யாதவர் என்று சொல்லிவிட முடியாது. இந்நாட்டவரின் செருக்கு பற்றிய அவருடைய சொற்கள் கடுமையானவை. அவர் நேரில் கண்டதும் வடமேற்குப் பகுதி மட்டுமே. தெற்கைக் கேள்வியால்தான் அறிந்தார். காஞ்சியின் பெயர் வருகிறது. நம் இராமநாதபுரக் கரையோரத்து மக்கள் அன்றாடம் காணும் சேதுவும் வருகிறது: கடலிடையே தனித்தனிக் குன்றுகளாக நிற்பது, இடையில் நீர் ஓடுவது என்று. அதற்கு மேல் தென்னகம் அந்நூலில் மிகுதியாக இல்லை.

மஹ்மூதின் படையெடுப்புகள் இந்நாட்டின் செழிப்பை அழித்தன, மக்களைப் புழுதிபோல் சிதறடித்தன, அதனால்தான் இவர்கள் முஸ்லிம்களை வெறுத்து ஒதுங்கினர், இவர்களின் கல்விகளும் எட்டாத ஊர்களுக்கு ஓடிவிட்டன என்று அந்நூலில் அவர் எழுதியுள்ளார். ஒரு சுல்தானின் நிழலில் வாழ்ந்த அறிஞர் இவ்வாறு எழுதினார் என்பது வியப்புக்குரியது. ஆனால் நாட்களைக் கவனிக்க வேண்டும். மஹ்மூது இறந்தது 1030 ஏப்ரலில். நூலை முடித்தது அதன்பின் சில மாதங்களில். பதின்மூன்று ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்ததைச் சுல்தானின் கண் மூடியபின் எழுதினார். கோழைத்தனம் என்று இதை நான் சொல்லமாட்டேன். உயிரோடிருந்ததால்தான் நூல் நமக்குக் கிடைத்தது. எனினும், பார்ப்பவனாகவே நின்றுவிடுவது இவ்வியல்பின் பெருங்குறை. இவர்கள் அநீதியைப் பிழையின்றி அறிவார்கள். அறிந்த அன்றே எழுந்து சொல்வது இவர்களால் ஆவதில்லை.

மஹ்மூதுக்கும் அவருக்கும் இடையிலிருந்த இறுக்கத்தைக் காட்ட ஒரு கதை வழங்குகிறது. நிஸாமி அரூளி என்பவர் சுமார் ஒரு நூற்றாண்டுக்குப் பின் எழுதியது. நான்கு வாயில்கள் உள்ள மண்டபத்தில், நான் எவ்வழியே வெளியேறுவேன் என்று சுல்தான் கேட்டாராம். அல்பீரூனி விடையை எழுதி மறைத்து வைத்தார். சுல்தான் சுவரை இடித்து ஐந்தாவது வழியாக வெளியேறினார். தாளை எடுத்துப் பார்த்தால் அதுவே எழுதியிருந்தது. சினங்கொண்ட சுல்தான் அவரைச் சிறையிலிட்டார். ஆறு மாதங்கள் கழித்து விடுவிக்கும்போது, அரசர்கள் குழந்தைகளைப் போன்றவர்கள், அவர்கள் விரும்புவதைத்தான் சொல்ல வேண்டும் என்று புத்திமதி கூறினாராம். இது நடந்திருக்காது. சோதிடத்தின் உரிமைகோரல்களை ஐயத்தோடு நோக்கியவரைச் சோதிடராக்கிய கட்டுக்கதை இது. ஆனாலும் கதை கட்டியவர்கள் ஆளைச் சரியாகவே அறிந்திருந்தார்கள்: தோற்றுக்கொடுக்கத் தெரியாதவர்.

யாகூத் தரும் செய்தி இன்னும் நம்பத்தக்கது. வடதிசையிலிருந்து வந்த தூதர் ஒருவர், கடலுக்கு அப்பால் சூரியன் மறையாமலே சுற்றிவரும் நாட்டைக் கண்டதாகச் சொல்ல, சுல்தான் அது மார்க்கத்திற்கு முரண் என்று கொதித்தார். அவையிலிருந்த ஒருவர், சூரியனிலிருந்து மறைப்பு ஏதும் ஏற்படுத்தப்படாத ஒரு கூட்டத்தாரைப் பற்றிக் குர்ஆன் ஷரீஃபின் கஹ்ஃப் அத்தியாயம் கூறுவதை நினைவூட்டினார். பின் அல்பீரூனியைக் கேட்டனர். அவர் சுருக்கமாகக் காரணத்தை விளக்க, அத்தூதர் தப்பினார். கேட்டபோது பேசினார், கேட்ட அளவே பேசினார்.

இனி இப்னு ஸீனாவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இப்னு ஸீனா பகலில் ஹமதானில் அமைச்சர் வேலை பார்த்தார். இரவில் மாணவர் சூழ நூல்களைப் பாடம் நடத்தினார். பாடம் முடிந்தால் கேளிக்கையும் உண்டு. ஜூஸ்ஜானி என்ற மாணவர் நிழல்போல் தொடர்ந்து, ஆசிரியரின் வாழ்க்கையையும் எழுதி வைத்தார். அந்நூல்கள் லத்தீனுக்குச் சென்று ஐரோப்பாவின் மருத்துவக் கூடங்களை நூற்றாண்டுக் கணக்கில் ஆண்டன. அல்பீரூனிக்கு அத்தகைய மாணவர் பரம்பரை அமையவில்லை. அவருடைய பெருநூல்கள் இடைக்காலத்தில் லத்தீனுக்குச் செல்லவேயில்லை. ஏறத்தாழ 150 நூல்கள் எழுதியவருக்கு இன்று எஞ்சியிருப்பவை இருபதை ஒட்டியே. ‘கிதாபுல் ஹிந்த்’ ஐரோப்பாவில் அச்சேறியது ஸகாவ் என்ற ஜெர்மானியரின் முயற்சியால், 1887-இல். காரணங்கள் பல இருக்கலாம். நூல்களின் கடினமும் ஒன்று. ஆனால் எளிதாக்கிச் சொல்ல யாரையும் அவர் பழக்கவில்லை என்பதும் ஒரு காரணமே.

ஒரு விதிவிலக்கு உண்டு. அதைச் சொல்லாமல் போனால் அநியாயம். 1029-இல், ஹஸனின் மகள் ரைஹானா என்ற குவாரிஸத்துப் பெண்மணி கேட்டதற்கிணங்க, கணிதம், வானநூல், சோதிடம் ஆகியவற்றை ‘தஃப்ஹீம்’ என்ற நூலாக எழுதினார். புள்ளி என்றால் என்ன, கோடு என்றால் என்ன என்று தொடங்கி 530 வினா விடைகள். கடுமை இல்லை, ஏளனம் இல்லை. கற்க வேண்டும் என்ற ஆசையோடு ஒருவர் தனித்து வந்து கேட்டால் அவர் எவ்வளவு பொறுமையான ஆசிரியர் என்பதற்கு அந்நூல் சாட்சி. சபையில் முரடராகத் தோன்றுபவர், ஒருவருக்கு ஒருவராக அமரும்போது வேறு மனிதராகிவிடுகிறார்.

முடிவெடுக்கத் தயங்குவதும் பகுத்தாராய்வோரின் குணம். பூமி சுழல்கிறதா, வானம் சுழல்கிறதா என்ற கேள்வியில், எதை ஏற்றாலும் வானநூல் கணக்கு கெடாது, தீர்ப்பதற்கு அரிய சிக்கல் இது என்று எழுதினார். பூமி சுழல்வதாகக் கொண்டு ஸிஜ்ஸி அமைத்த அஸ்துர்லாபைப் பாராட்டவும் செய்தார். இறுதியில் பூமி நிலையானது என்ற பக்கமே நின்றார். கோப்பர்நிக்கஸுக்கு முன்பே பூமி சுழல்வதைக் கண்டுபிடித்தவர் என்று அவரை மேடையில் முழங்குவோர் இதை அறிவதில்லை. சான்று போதாதபோது ‘போதாது’ என்று சொன்னதே அவர் பெருமை.

‘கானூனுல் மஸ்ஊதி’ என்ற வானநூல் பெருங்களஞ்சியத்திற்காகச் சுல்தான் மஸ்ஊது ஒரு யானை சுமக்கும் அளவு வெள்ளியை அனுப்ப, தமக்குத் தேவையில்லை என்று திருப்பிவிட்டார் என்கிறார் யாகூத். 1036 வாக்கில் அதுவரை தாம் எழுதிய நூல்களின் பட்டியலைத் தாமே தயாரித்தார். இளமையில் எழுதிய குறைபாடுள்ள நூல்களையும் அதிலிருந்து அவர் தள்ளவில்லை. அவையும் தம் பிள்ளைகளே என்ற கருத்தில் ஒரு காரணம் சொன்னார். எப்போதும் எதையும் விட்டுக்கொடுக்காதவர் பரிவோடு பேசிய அரிய இடங்களில் அது ஒன்று.

எண்பதைக் கடந்து, கண்ணும் காதும் மங்கிய பிறகும் மருந்துப் பொருள்களைப் பற்றிய ‘ஸைதனா’ நூலை ஒரு மருத்துவரின் துணையோடு எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூலிகைக்கும் பல மொழிகளில் என்ன பெயர் என்று தொகுத்த நூல் அது. ரூமியிடம் விதைகளை எடுத்துச் சென்ற சிறுவன் தொடங்கிய வேலைதான். கஸ்னியில் அவர் இறந்த ஆண்டு 1048 என்று வழக்கமாகச் சொல்வர். எண்பதைக் கடந்ததாக அவரே கூறியிருப்பதால், 1050-ஐ ஒட்டியோ பின்னோ என்று கொள்வதே பொருந்தும்.

அந்நாளில் அவரைக் காணச் சென்றவர் வல்வாலிஜி என்னும் ஃபகீஹ். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அந்நிலையில் அல்பீரூனி அவரிடம், தாய்வழிப் பாட்டிமாருக்குரிய சொத்துப் பங்கைப் பற்றி ஒருநாள் சொன்னீர்களே, அது எப்படி என்று கேட்டார். பராயிழ் சட்டத்தில் சிக்கலான கேள்வி அது. இந்த நேரத்திலா என்று இரங்கினார் ஃபகீஹ். அறியாமல் போவதைவிட அறிந்துகொண்டு இவ்வுலகை விடுவது மேலல்லவா என்றார் நோயாளி. ஃபகீஹ் மீண்டும் விளக்கினார்; அல்பீரூனி அதை மனனம் செய்துகொண்டார்; முன்பு சொல்வதாக வாக்களித்திருந்த ஒன்றைத் தாமும் ஃபகீஹுக்குச் சொல்லிக்கொடுத்தார். விடைபெற்று வெளியே வந்த ஃபகீஹ் வீதியில் நடந்துகொண்டிருக்கும்போதே, அவ்வீட்டிலிருந்து அழுகுரல் எழுந்தது.